சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து

கொரடாச்சேரியில் நெல் பிடிக்கும் மாதங்களில்
என் முகம் எரியும்.
சுணை, என்றார்கள் எல்லாரும்.
மூட்டை அவிழ்க்கையில் எழும் சுணை
கழுத்து மடிப்பில் இறங்கினாலே ராத்தூக்கம் போகும்,
கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தருக்குத் தெரியாத அரிப்பா?
ஆனால் தார்ப்பாய்களைச் சுருட்டிக் கட்டி
சாக்குக் கணக்கை ஒப்படைத்த பிறகும்
கன்னம் இரண்டும் அடுப்பாகவே இருந்தது.

சிவப்பு என்று சொல்ல முடியாது.
என் நிறத்தில் சிவப்பு ஏறினால்
வெந்த செங்கல்லின் உட்பக்கம் மாதிரி ஒரு மங்கல்.
கைவைத்தால்தான் சூடு தெரியும்.
மூக்கின் இருபுறமும் கடுகு கடுகாய்ப் பரு.
முப்பத்தொன்பது வயசிலா, என்று
சுமை தூக்கும் பக்கிரிசாமி சிரித்தார்.

மெடிக்கல் கடைத் தம்பி ஒரு டியூப் கொடுத்தான்.
மூணாம் நாள் முகம் பளிங்கு.
"நல்லா வெளுத்துட்டீங்க மேடம்"
டிராக்டர்காரர் கூடச் சொன்னார்.
நாலு மாசம். எட்டு டியூப்.
நிறுத்திய வாரமே
பழைய பாக்கியை வட்டியோடு கேட்டது முகம்.

திருவாரூர் மருத்துவக் கல்லூரி, தோல் பிரிவு,
சீட்டு எண் நூற்றுப் பதினாறு.
டாக்டர் நஸ்ரின் என் கன்னத்தில்
ஒரு சொட்டுப் பசையோடு கண்ணாடித் துண்டை அழுத்தி
ஒரு நிமிஷம் பேசாதீங்க என்று உரித்தெடுத்தார்.
"பார்க்கிறீங்களா?"

பார்த்தேன்.
வால் நீண்டு, கால் குட்டையாய் எதுவோ
எட்டுக் காலையும் வைத்துக்கொண்டு
அவசரமில்லாமல் அசைந்தது.
உண்ணிக்கு ஒன்றுவிட்ட உறவாம்.
மயிர்க்காலில் தலைகீழாய் இறங்கி
பகலெல்லாம் என் எண்ணெயைத் தின்று
விளக்கணைத்த பின் மேலேறி வந்து
என் கன்னத்தில்தான் ஜோடி சேர்கிறதாம்.

நான் தினம் குளிக்கிறவள், என்றேன்.
அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எல்லார்கிட்டயும் இருக்கு. என்கிட்டயும்.
எண்ணிக்கைதான் பிரச்சினை.
சதுர சென்டிமீட்டருக்கு அஞ்சு வரைக்கும் சரி.
உங்களுக்கு முப்பத்திரண்டு."

அது எனக்கு உடனே விளங்கியது.
ஈரப்பதம் பதினேழு வரை பிடிப்பேன்,
பதினெட்டென்றால் திருப்பி அனுப்புகிறவள்.
ஈரமே இல்லாத நெல் கிடையாது.
நண்டு வளை இல்லாத வரப்பும் கிடையாது,
நாலு வளையோடு வரப்பு நிற்கும்,
நாற்பதென்றால், தண்ணீர் ஏறிய ராத்திரி, உடைப்பெடுக்கும்.
அந்த டியூப்
காவலுக்கு நின்றவனை மயக்கிப் படுக்க வைத்ததாம்.

"அப்போ இதுங்கதான் காரணமா?"
டாக்டர் யோசித்தார்.
அப்போதுதான் எனக்கு அவரைப் பிடித்தது.
"இதுங்க பெருகுனதால சருமம் கெட்டுச்சா,
சருமம் கெட்டதால இதுங்க பெருகுச்சா,
அந்தச் சண்டை இன்னும் முடியலை."
உடைப்பெடுத்த காலையில்
நண்டையும் ஆற்றையும் மாறி மாறித் திட்டுவோமே.

களிம்பின் மேல் ஐவர்மெக்டின் என்றிருந்தது.
எங்கள் ஆட்டுக்குப் போடும் மருந்தின் பெயர்.
வீட்டில் அதை மட்டும் சொல்லவில்லை.

பக்கத்துத் தலையணையில் சிங்காரவேலு.
பதினாறு வருஷமாய்க் கன்னத்தோடு கன்னம்.
என்னுடையவை அவரிடமும்
அவருடையவை என்னிடமும்
ராத்திரி ராத்திரி குடிபெயர்ந்திருக்கும்.
அவர் முகத்தில் ஒரு புள்ளி கிடையாது.
இது இன்னும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

"போயிடுச்சா?" என்கிறார் இருட்டில்.
"போகாது. குறையும்."
"எத்தனைக்கு?"
"அஞ்சு."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
"சரி, இன்னும் ரெண்டு நாள் காயவச்சு எடுத்துட்டு வாங்க"
என்கிறார்,
களத்தில் நான் சொல்லும் அதே குரலில்.

சிரித்தேன்.
சிரித்தால் எரிகிறது, கொஞ்சம்.